ஆந்த்ரே சகாரோவ்: ஹைட்ரஜன் குண்டு செஞ்ச விஞ்ஞானி சோவியத் அரசையே எதிர்த்து நின்ன கதை (அடிக்கடி கேக்கற கேள்விகள்)

ஹைட்ரஜன் குண்டு யாரு செஞ்சாங்கன்னு தேடினாலும் இவர் பேரு வரும், 1975 அமைதி நோபல் யாருக்குன்னு தேடினாலும் இவர் பேருதான் வரும், அதனால புதுசா படிக்கறவங்க குழம்பறது சகஜம். வழக்கமா வர்ற கேள்விங்களை ஒரே இடத்துல சேத்து பதில் எழுதிருக்கேன். நான் ரொம்ப மதிக்கிற மனுஷன் இவரு, அது பதில்லயும் தெரியும்.

யாருங்க இவரு, முதல்ல சுருக்கமா சொல்லுங்க?

1921 மே 21ல மாஸ்கோவுல பொறந்தவரு. அப்பா ஃபிசிக்ஸ் வாத்தியார், பாடப்புத்தகமெல்லாம் எழுதினவரு. 1938ல மாஸ்கோ யுனிவர்சிட்டில சேந்தாரு, நடுவுல போர் வந்துடுச்சு, யுனிவர்சிட்டியையே துர்க்மேனிஸ்தான் பக்கம் அஷ்காபாத்துக்கு மாத்திட்டாங்க, அங்கதான் 1942ல டிகிரி முடிச்சாரு. அப்புறம் உல்யானோவ்ஸ்க்ல ஒரு தோட்டா ஃபேக்டரில வேலை. தோட்டாக்குள்ள இருக்கற இரும்பு சரியா கெட்டிப்பட்டிருக்கான்னு உடைக்காமலே செக் பண்ற கருவி ஒண்ணு அங்க கண்டுபிடிச்சாரு. அங்கயே லேப்ல வேலை பாத்த கிளாவ்தியாவை கல்யாணம் பண்ணிக்கிட்டாரு, மூணு பிள்ளைங்க. 1945ல மாஸ்கோவுல லெபெதெவ் ஃபிசிக்ஸ் இன்ஸ்டிட்யூட்ல ஈகோர் தாம்ங்கற விஞ்ஞானி கிட்ட ஆராய்ச்சி மாணவரா சேந்தாரு. அதுக்கு மூணு வருஷம் கழிச்சு, 1948ல, தாம் டீமை அப்படியே ஹைட்ரஜன் குண்டு வேலைக்கு எடுத்துக்கிட்டாங்க.

வற்புறுத்தி செய்ய வெச்சாங்களா, இல்ல அவரே விரும்பித்தான் செஞ்சாரா?

விரும்பித்தான் செஞ்சாரு, அதை அவர் எப்பவும் மறைச்சதே இல்ல. அமெரிக்கா கையில மட்டும் இந்த ஆயுதம் இருந்தா உலகத்துக்கு ஆபத்து, ரெண்டு பக்கமும் இருந்தாதான் யாரும் போட மாட்டாங்கன்னு மனசார நம்பினாரு. 1950ல சாரோவ்ங்கற ஊருக்கு போனாரு, அந்த ஊரை மேப்ல இருந்தே எடுத்துட்டாங்க, சுத்தி முள்வேலி, வேலை பாக்கறவங்களுக்குள்ள அதுக்கு பேரு 'அப்ஜெக்ட்'. கட்டட வேலையெல்லாம் கைதிங்கதான் செஞ்சாங்க, காலைல வரிசையா அவங்களை கூட்டிட்டு போறதை தினமும் ஜன்னல்ல பாத்துருக்காரு.

டிசைன்ல அவரோட ஐடியா, லேசான எரிபொருளையும் யுரேனியத்தையும் அடுக்கு அடுக்கா வெக்கறது. கூட இருந்த விஞ்ஞானி கின்ஸ்பர்க், அந்த எரிபொருளா லித்தியம் டியூட்டரைடு வெக்கலாம்னு ஐடியா குடுத்தாரு. ரெண்டும் சேந்து 1953 ஆகஸ்ட் 12ல கசகஸ்தான்ல செமிபலாட்டின்ஸ்க் மைதானத்துல வெடிச்சுது, சுமார் 400 கிலோடன். அந்த வருஷமே சோவியத் அறிவியல் அகாடமியில முழு உறுப்பினர் ஆயிட்டாரு, வயசு 32தான். நாட்டோட பெரிய விருதான சோஷலிச உழைப்பு வீரர் பட்டம் மூணு தடவை, ஸ்டாலின் பரிசு, லெனின் பரிசு, வீடு, கார், பாதுகாப்புக்கு ஆளு, எல்லாம் வந்துச்சு.

ஈகோர் தாமும் இவரும் சேந்து யோசிச்ச இன்னொரு விஷயம் டோகமாக், அதாவது காந்தத்தால சூடான வாயுவைப் பிடிச்சு வெச்சு அணுக்களை இணைக்கற கருவி, இன்னைக்கு பிரான்ஸ்ல கட்டிட்டு இருக்கற ஐட்டர் ஃப்யூஷன் உலைக்கு மூலம் அதுதான். குண்டை மட்டும் பேசுறவங்க இதை மறந்துடறாங்க.

அப்புறம் எப்போ மனசு மாறுச்சு?

ஒரே நாள்ல மாறல, ஆனா 1955 நவம்பர் 22ஐ கண்டிப்பா சொல்லணும். அன்னைக்கு ரெண்டு கட்டமா வெடிக்கற நிஜ ஹைட்ரஜன் குண்டு சோதனை, 1.6 மெகாடன். பக்கத்து கிராமத்துல ஜனங்களை பதுங்கு குழிக்குள்ள இறக்கி விட்டுருந்தாங்க, வெளிச்சம் தெரிஞ்சதும் எல்லாரும் வேடிக்கை பாக்க வெளிய ஓடிட்டாங்க, உள்ள ரெண்டு வயசு குழந்தை ஒண்ணு கட்டைங்களை வெச்சு விளையாடிட்டு இருந்துச்சு, அதிர்ச்சி அலை வந்தப்போ குழி இடிஞ்சு குழந்தை செத்துப்போச்சு. இன்னொரு பக்கம் அகழி சரிஞ்சு ஒரு சிப்பாயும் போனாரு.

அன்னைக்கு ராத்திரி விருந்து. முதல்ல பேச சொன்னது சகாரோவை. நம்ம குண்டுங்க சோதனை மைதானத்துல மட்டும் வெடிக்கட்டும், எந்த ஊரு மேலயும் விழ வேண்டாம்ங்கற மாதிரி வாழ்த்தினாரு. உடனே ராணுவ சைடு தலைவர் நெதெலின் எழுந்து கொச்சையா ஒரு கதை சொன்னாரு, அதோட அர்த்தம் என்னன்னா, நீங்க செஞ்சு குடுக்கற வேலையை பாருங்க, எங்க போடணும்னு நாங்க பாத்துக்கறோம். அந்த இடத்துல தனக்கு சாட்டையால அடிச்ச மாதிரி இருந்துச்சுன்னு சகாரோவ் பின்னாடி எழுதினாரு. தான் செஞ்ச பொருள் மேல தனக்கு ஒரு உரிமையும் இல்லன்னு அன்னைக்குத்தான் அவருக்கு உறைச்சுது.

அப்புறம் அவர் பண்ணது ரொம்ப அவர் பாணி. உக்காந்து கணக்கு போட்டாரு. வெடிக்கறப்போ காத்துல கலக்கற கதிரியக்க கார்பன் ஆயிரக்கணக்கான வருஷம் இருக்கும், அதனால கேன்சர், பரம்பரை கோளாறு எத்தனை பேருக்கு வரும்னு பாத்தா, ஒவ்வொரு மெகாடன்னுக்கும் சுமார் 10,000 பேர் சாவாங்கன்னு வந்துச்சு. 1958ல கட்டுரையாவே போட்டாரு. யார் யாரு, எந்த ஊரு, எந்த தலைமுறைன்னு தெரியாது, ஆனா செத்தவன் செத்தவன்தான், பேரு தெரியலங்கறதுக்காக கணக்குல இருந்து எடுக்க முடியாது. என்னைக் கேட்டா அவர் வாழ்க்கை முழுக்க ஓடினது இந்த ஒரு நினைப்புதான், எத்தனை கோடி பேர் சம்பந்தப்பட்ட விஷயமா இருந்தாலும் அதுல ஒத்தை ஆளைத் தேடுவாரு.

சோவியத் தலைவர் குருஷ்சேவ் கிட்ட நேரடியாவே சொன்னார்னு கேள்விப்பட்டேன், உண்மையா?

உண்மைதான். 1961 ஜூலைல விஞ்ஞானிங்களை கூப்பிட்டு, திரும்ப சோதனை ஆரம்பிக்கப் போறோம்னு குருஷ்சேவ் அறிவிச்சாரு. சகாரோவ் அங்கயே ஒரு சீட்டு எழுதி அனுப்பினாரு, இது தேவையில்ல, அமெரிக்காவுக்குத்தான் லாபம்னு. அடுத்து சாப்பாட்டு மேஜைல குருஷ்சேவ் எல்லார் முன்னாடியும் ரொம்ப நேரம் கத்தித் தீத்தாரு, அரசியலை எங்க கிட்ட விடு, நீ குண்டை பாருன்னு. ஒருத்தர் கூட சகாரோவ் பக்கம் திரும்பலையாம். அந்த அக்டோபர் 30ல நோவாயா செம்ல்யா தீவுல 50 மெகாடன் குண்டு வெடிச்சுது, உலகத்துலயே பெருசு, அதுலயும் சகாரோவ் டீம் வேலை இருக்கு. இதையும் சேத்து சொன்னாதான் நியாயம்.

1962ல இன்னும் மோசம். நாட்டுல இருந்த ரெண்டு ஆயுத லேபும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி குண்டு செஞ்சு வெச்சுருந்தாங்க, ஒண்ணு வெடிச்சா போதும், ரெண்டாவது சும்மா போட்டிக்கு. அதை நிறுத்த மந்திரில இருந்து குருஷ்சேவ் வரைக்கும் போன் போட்டு கெஞ்சினாரு, நடக்கல. வெடிச்சாச்சுன்னு தகவல் வந்தப்போ மேஜைல தலை கவுத்து அழுதுட்டாரு. அடுத்த வருஷம் காத்துல, தண்ணில, விண்வெளில சோதனை கூடாதுங்கற ஒப்பந்தம் மாஸ்கோவுல கையெழுத்தாச்சு. அந்த வழியை அமைச்சர் கிட்ட எடுத்து சொன்னதுல சகாரோவுக்கு பங்கு இருக்கு, அதுக்காக கடைசி வரைக்கும் பெருமைப்பட்டாரு.

சரி, குண்டு பத்தின கவலை வேற, அரசியல் வேற. அரசாங்கத்தையே எதிர்க்க எப்போ ஆரம்பிச்சாரு?

படிப்படியா. 1964ல, மரபியலே பொய்னு சொன்ன லைசென்கோவோட ஆளு நூஷ்தினை அகாடமிக்கு எடுக்கப் பாத்தப்போ எழுந்து நின்னு எதிர்த்தாரு, ஏன்னா லைசென்கோ கூட்டம் மரபியல் ஆராய்ச்சியாளர்களை சிறைக்கும் சாவுக்கும் அனுப்பின கூட்டம். 1966ல ஸ்டாலினுக்கு திரும்ப மரியாதை குடுக்காதீங்கன்னு கட்சிக்குப் போன பெட்டிஷன்ல கையெழுத்து. அதே வருஷம் டிசம்பர் 5, அரசியல் சட்ட தினம், சாயந்தரம் 6 மணிக்கு புஷ்கின் சிலை கிட்ட கொஞ்சம் பேரு கூடி அமைதியா தொப்பியைக் கழட்டி நின்னாங்க, அரசியல் கைதிங்களுக்கு ஆதரவா. ரகசிய ஆயுத விஞ்ஞானி ஒருத்தர் அந்தப் பனில வந்து அவங்களோட நின்னாரு. சுத்தி முழுக்க கேஜிபிங்கற ரகசிய போலீஸ் ஆளுங்க.

பெரிய உடைப்பு 1968. முன்னேற்றம், அமைதியா சேந்து வாழறது, சிந்தனை சுதந்திரம் பத்தி நீளமா ஒரு கட்டுரை எழுதினாரு. அணு ஆயுதப் போர் நடந்தா ஜெயிக்கறவன்னு ஒருத்தன் இருக்க மாட்டான், முதலாளித்துவமும் சோஷலிசமும் ஒண்ணுல இருந்து ஒண்ணு கத்துக்கிட்டு நெருங்கி வரணும், சென்சார் போகணும், இதுதான் சாரம். டைப் அடிச்ச காப்பிங்க கைமாறி கைமாறி போய், ஜூலைல நெதர்லாந்து பத்திரிக்கைலயும் அப்புறம் நியூயார்க் டைம்ஸ்லயும் வந்துடுச்சு. அதோட ரகசிய வேலைக்கு முற்றுப்புள்ளி.

வேலை போனதும் சொத்தெல்லாம் புடுங்கிட்டாங்களா?

இல்ல, அவரே குடுத்துட்டாரு. 1969 மார்ச்ல மனைவி கிளாவ்தியா கேன்சர்ல போய்ட்டாங்க, அந்த வருஷம் தன்னோட சேமிப்பு 139,000 ரூபிளை கேன்சர் ஆஸ்பத்திரி கட்டடத்துக்கும் செஞ்சிலுவைக்கும் எழுதி வெச்சாரு, அன்னைக்கு அது ரொம்ப பெரிய தொகை. லெபெதெவ் இன்ஸ்டிட்யூட்ல சாதாரண ஆராய்ச்சியாளரா திரும்ப சேந்தாரு.

ஆக்டிவிஸ்ட்னா என்ன பண்ணாரு? கட்சி ஆரம்பிச்சாரா, ஊர்வலம் போனாரா?

கட்சி ஆரம்பிக்க முடியாத நாடு அது. 1970ல சலீட்ஸே, த்வெர்தோக்லேபோவ் ரெண்டு பேரோட சேந்து மனித உரிமை கமிட்டி ஒண்ணு வெச்சாரு. மத்தபடி அவரோட வேலை பெரும்பாலும் கோர்ட்டு வாசல்ல நிக்கறது. யாராவது ஒரு டைப்பிஸ்ட், ஒரு வாத்தியார், ஊருக்கு திரும்பணும்னு போராடற ஒரு கிரிமிய தாத்தார் மேல கேஸ்னா ரயில் ஏறி அந்த ஊருக்கு போவாரு, உள்ள சீட்டு எல்லாம் நிரம்பிடுச்சுன்னு விட மாட்டாங்க, மூணு தடவை நாட்டோட வீரர் பட்டம் வாங்கின ஆளு வாசல்ல, குளிர்ல, கைதியோட வீட்டு ஜனங்களோட நின்னுட்டு இருப்பாரு. தீர்ப்பு என்னவோ முன்னாடியே எழுதினதுதான். ஆனா வெளிநாட்டு நிருபர் வருவாரு, அந்த கைதி பேரு மறுநாள் ரேடியோவுல வரும், ஜெயில்காரனும் அடிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை யோசிப்பான். மீதி நேரம் கடிதம், அப்போதைய சோவியத் தலைவர் பிரெஷ்னேவுக்கு, அமெரிக்க காங்கிரஸுக்கு, எல்லாத்துலயும் யாராவது ஒருத்தரோட பேரு இருக்கும்.

ரெண்டாவது மனைவிதான் அவரை கெடுத்தாங்கன்னு சொல்றாங்களே?

கேஜிபி பரப்பின கதை இது, இன்னைக்கு வரைக்கும் ஓடுது. எலெனா போன்னரை அவர் பாத்ததே 1970ல கலூகா ஊருல ஒரு அரசியல் கேஸ் விசாரணைலதான், அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே அந்தக் கட்டுரை வந்தாச்சு. 1972ல கல்யாணம். போன்னர் குழந்தைங்க டாக்டர், போர்ல நர்சா இருந்து அடிபட்டதுல கண்ணு பாதிச்சவங்க. அவங்களை வளர்த்த அப்பா அலிகானோவ் பெரிய கம்யூனிஸ்ட் தலைவர், ஸ்டாலின் காலத்துல சுட்டுட்டாங்க, அம்மா பல வருஷம் முகாம்ல இருந்தாங்க. அந்தம்மா ரொம்ப தைரியசாலி, பேச்சு வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டு, அதனாலயே ஈஸியா வில்லி ஆக்கிட்டாங்க. யூத ரத்தம் இருக்குன்னும் பத்திரிக்கைல அசிங்கமா எழுதினாங்க.

அரசை எதிர்த்த எழுத்தாளர் சோல்ஜெனிட்சினும் இவரும் ஒரே அணியா?

ஒருத்தரை ஒருத்தர் மதிச்சாங்க, ஆனா வழி வேற. சோல்ஜெனிட்சினுக்கு ரஷ்ய மண்ணு, ஆர்த்தடாக்ஸ் மதம், மேற்கு மேல சந்தேகம். சகாரோவ் 1974லயே அதுக்கு பதில் எழுதினாரு, தேசியவாதம் ஆபத்தா போய் முடியும்னு. இப்போ ரஷ்யாவுல நடக்கறதை பாக்கறப்போ அந்த பயத்துல எவ்வளவு நியாயம்னு தெரியுது.

நோபல் வாங்க விட்டாங்களா?

விடல, ரகசியம் தெரிஞ்ச ஆளுன்னு சொல்லிட்டாங்க. கண்ணு வைத்தியத்துக்கு இத்தாலி போயிருந்த போன்னர் ஆஸ்லோ போய் 1975 டிசம்பர் 10ல வாங்கினாங்க. அந்த நேரத்துல சகாரோவ் எங்க இருந்தாருன்னா, லித்துவேனியாவுல வில்னியுஸ் கோர்ட்டு வாசல்ல. நண்பர் செர்கெய் கோவல்யோவ், அவரும் உயிரியல் விஞ்ஞானிதான், அவர் மேல கேஸ் நடந்துச்சு. நோபல் உரைல சிறைல இருக்கறவங்க பேரா வரிசையா நூத்துக்கு மேல சொல்ல வெச்சாரு, பரிசு அவங்களோடதுன்னு. உலகமே கேக்கற ஒரு மேடை கிடைச்சா அதுல பேர் பட்டியல் வாசிக்கணும்னு தோணுது பாருங்க.

கூட வேலை பாத்த விஞ்ஞானிங்க என்ன பண்ணாங்க?

1973 ஆகஸ்ட்ல கட்சிப் பத்திரிக்கை பிராவ்தாவுல 40 அகாடமி உறுப்பினர்கள் கையெழுத்து போட்டு கண்டிச்சாங்க, பல பேரு இவரோட பழகினவங்க. பெரிய ஃபிசிக்ஸ் விஞ்ஞானி பியோத்ர் கபீத்சா கையெழுத்து போடல. ஆனா ஒண்ணு சொல்லணும், எல்லா விருதையும் அரசு புடுங்கினப்பவும் அகாடமி அவரை கடைசி வரைக்கும் நீக்கவே இல்ல. லெபெதெவ் இன்ஸ்டிட்யூட்ல கின்ஸ்பர்க் தலைமைல இருந்த தியரி டிபார்ட்மெண்ட்டும் அவரை ஸ்டாஃபாவே வெச்சுருந்துச்சு, பின்னாடி அவரை கார்க்கிங்கற ஊருக்கு கட்டாயமா அனுப்பினப்புறமும் ஆளுங்க முறை போட்டு போய் பாத்தாங்க. கதிர்வீச்சு கணக்கு, பிரபஞ்சத்துல ஏன் எதிர்ப்பொருள் இல்லாம பொருள் மட்டும் மிஞ்சுச்சுங்கற 1967 பேப்பர், இதெல்லாம் பண்ண மூளை கார்க்கியிலயும் ஓடிட்டு இருந்ததுக்கு அவங்க வந்து போனது ஒரு காரணம்.

கார்க்கிக்கு ஏன் அனுப்பினாங்க? கேஸ் என்ன?

கேஸே இல்ல, விசாரணையும் இல்ல. ஆப்கானிஸ்தானுக்குள்ள சோவியத் படை போனதை பேட்டில கண்டிச்சாரு, அவ்வளவுதான். 1980 ஜனவரி 22, செவ்வாய்க்கிழமை, செமினாருக்கு போற வழில காரை நிறுத்தி பிராசிகியூட்டர் ஆபீசுக்கு கொண்டு போனாங்க, ஆணையை வாசிச்சாங்க, நேரா ஏர்போர்ட். கார்க்கி இப்போ நீஷ்னி நோவ்கொரோத், அப்போ வெளிநாட்டுக்காரங்க உள்ளயே போக முடியாத ஊரு. ககாரின் தெரு 214ம் நம்பர் கட்டடம், தரைத்தளத்துல வீடு, போன் கிடையாது, கதவுக்கு வெளிய 24 மணி நேரமும் போலீஸ், ரேடியோ கேக்க முடியாம இரைச்சல் கருவி. நினைவுக்குறிப்பு எழுதிட்டு இருந்தாரு, பேப்பரை வீட்ல வெக்க பயந்து எங்க போனாலும் பையில தூக்கிட்டே போவாரு, 1981ல பல் டாக்டர் கிட்ட போனப்போ அந்தப் பையை திருடிட்டாங்க, திரும்ப எழுதினாரு, 1982ல கார்ல மயக்கம் வர வெச்சு திரும்ப திருடினாங்க, நூத்துக்கணக்கான பக்கம், அதையும் திரும்ப எழுதினாரு. போன்னர் டைப் அடிச்சு மாஸ்கோவுக்கு கொண்டு போவாங்க.

ஒரு பொண்ணு வெளிநாடு போறதுக்காக உண்ணாவிரதம் இருந்தது ஓவர் இல்லையா?

அப்பவே நண்பர்கள்ல சில பேரு இப்படித்தான் கேட்டாங்க. போன்னரோட மகன் அமெரிக்கா போயிட்டாரு, அவருக்கு நிச்சயமான பொண்ணை மட்டும் அரசு விடல, சகாரோவ் மேல கோவத்தை அந்த பொண்ணு மேல காட்டினாங்க. என்னால ஒருத்தி பிணைக்கைதி ஆயிட்டா, அதுக்கு நான்தான் பொறுப்புன்னு 1981 நவம்பர்ல புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் சாப்பாட்டை நிறுத்தினாங்க. 17 நாள்ல அரசு இறங்கி வந்துச்சு. எனக்கு இதுல ஓவர்னு எதுவும் தெரியல, நாட்டுக்காகன்னா சரி, ஒத்தைப் பொண்ணுக்காகன்னா சின்ன விஷயம்னு அவர் பிரிச்சு பாத்ததே இல்லையே.

1984தான் கொடுமை. மே மாசம் போன்னர் மேலயும் அரசை அவதூறு பண்ணாங்கன்னு கேஸ், அவங்களுக்கும் கார்க்கிலயே 5 வருஷம். அவங்க இதய வைத்தியத்துக்கு வெளிநாடு போகணும்னு சகாரோவ் உண்ணாவிரதம். ஆஸ்பத்திரில கையை காலை கட்டிலோட கட்டி, மூக்கை கிளிப் போட்டு அடைச்சு, மூச்சு விட வாயைத் திறக்கறப்போ கஞ்சியை ஊத்தினாங்க, வாயை மூடிப் பிடிச்சு முழுங்க வெச்சாங்க. அகாடமி தலைவருக்கு எழுதின கடிதத்துல இதை ஒவ்வொண்ணா விவரிச்சுருக்காரு, ரிப்போர்ட் மாதிரி நிதானமா. நாலு மாசம் போன்னர் முகத்தை கூட காட்டல. 1985 கடைசில பர்மிஷன் கிடைச்சுது, பாஸ்டன் போய் பைபாஸ் பண்ணிட்டு திரும்ப கார்க்கிக்கே வந்தாங்க அந்தம்மா.

சோவியத் தலைவர் கோர்பச்சேவ் போன் பண்ணி விடுவிச்சாராமே?

1986 டிசம்பர் 15 ராத்திரி ஆளுங்க வந்து கேக்காமலே போன் மாட்டிட்டு போனாங்க. மறுநாள் மதியம் கோர்பச்சேவ். மாஸ்கோவுக்கு திரும்பி வாங்க, வேலையை பாருங்கன்னாரு. கிட்டத்தட்ட ஏழு வருஷம் கழிச்சு இப்படி ஒரு போன் வந்தா நம்மள்ல எத்தனை பேருக்கு பேச்சு வரும்? சகாரோவ் நன்றி சொன்ன கையோட, என் நண்பன் மார்ச்சென்கோ சில நாள் முன்னாடி ஜெயில்ல செத்துட்டான், மனசாட்சிக் கைதிங்க எல்லாரையும் விடுங்கன்னு நான் உங்களுக்கு எழுதினேனேன்னு ஆரம்பிச்சுட்டாரு. அனத்தோலி மார்ச்சென்கோ டிசம்பர் 8ல சிஸ்தோபோல் சிறைல இறந்திருந்தாரு, கைதிங்க விடுதலைக்காக நீளமா உண்ணாவிரதம் இருந்து உடம்பு உடைஞ்சு போனவரு. 23ம் தேதி மாஸ்கோ ஸ்டேஷன்ல நிருபர் கூட்டத்துக்கு நடுவுலயும் இதே பேச்சுதான், இன்னும் உள்ள இருக்கறவங்க பேருங்க.

எம்பி ஆனாரா?

1989ல, மக்கள் பிரதிநிதிகள் காங்கிரஸ்ங்கற சோவியத் நாடாளுமன்றத்துக்கு. முதல்ல அகாடமி மேலிடம் அவர் பேரையே லிஸ்ட்ல சேக்கல, விஞ்ஞானிங்க ஆயிரக்கணக்குல தெருவுக்கு வந்து சண்டை போட்டதுல திரும்ப தேர்தல் வெச்சு ஜெயிச்சாரு. டிவில நேரலை, நாடே வேலையை விட்டுட்டு பாத்துச்சு. ஆப்கன்ல சொந்த சிப்பாய்ங்க பிடிபடாம இருக்க நம்ம ஹெலிகாப்டரே சுட்டுச்சுன்னு ஒரு வெளிநாட்டு பேட்டில சொல்லியிருந்தாரு, ஜூன் 2ல போர்ல கால் ரெண்டும் போன ஒரு பிரதிநிதி மேடைல ஏறி கண்டிச்சாரு, சபையே எழுந்து கை தட்டுச்சு. சகாரோவ் அந்த கூச்சலுக்கு நடுவுல போய் நின்னு, நான் சோவியத் சிப்பாயை அவமானப்படுத்தல, போரே குற்றம்னு தான் சொல்றேன்னாரு. பேச்சு நல்லா வராது அவருக்கு, தேடித் தேடி, இழுத்து இழுத்து பேசுவாரு, இருந்தும் இறங்கல. 9ம் தேதி நேரம் முடிஞ்சுதுன்னு கோர்பச்சேவ் மைக்கை அணைச்சப்பவும் பேசிட்டே இருந்தாரு. யெல்ட்சின், அஃபனாசியேவ் கூட சேந்து ஒரு எதிரணி குழுவுக்கு இணைத்தலைவரும் ஆனாரு. சோவியத்துல சட்டப்படி அமைஞ்ச முதல் எதிர்க்கட்சின்னே அதை சொல்லலாம்.

எப்படி இறந்தாரு? சந்தேகம் ஏதாவது?

இதயக் கோளாறுதான். கம்யூனிஸ்ட் கட்சிக்குத்தான் நாட்டோட தலைமைன்னு சொல்ற அரசியல் சட்டத்தோட 6வது பிரிவை எடுக்கணும்னு 1989 டிசம்பர் 12ல சபைல ஜனங்க அனுப்பின தந்திக் கட்டுங்களை கோர்பச்சேவ் கையில குடுத்தாரு, 14ம் தேதி எதிரணி கூட்டத்துல பேசிட்டு வீட்டுக்கு வந்து படுத்தவரு எழுந்திரிக்கல, 68 வயசு. உறைபனில லட்சக்கணக்குல ஜனம் வரிசைல நின்னாங்க. மூணு மாசத்துல அந்த 6வது பிரிவு போயிடுச்சு.

அவர் சொன்னதெல்லாம் சரியாவே இருந்துச்சா?

இல்ல. ரெண்டு அமைப்பும் நெருங்கி ஒண்ணாகும்னாரு, அது நடக்கல, ஒண்ணு உடைஞ்சே போச்சு. அணு மின்சாரத்து மேல அவருக்கு இருந்த நம்பிக்கையை செர்னோபிலுக்கு அப்புறமும் விடல, உலையை பூமிக்கு அடில வெக்கலாம்னாரு. ஆனா ஏவுகணைங்களை விண்வெளிலேயே தடுக்கணும்னு அமெரிக்க அதிபர் ரீகன் போட்ட ஸ்டார் வார்ஸ் திட்டத்தைப் பாத்து பயப்பட வேண்டாம், அதோட முடிச்சுப் போடாம ஏவுகணையை குறைங்கன்னு 1987ல மாஸ்கோ கூட்டத்துல சொன்னது அப்படியே பலிச்சுது, அந்த டிசம்பர்லயே நடுத்தர ஏவுகணை ஒப்பந்தம் கையெழுத்தாச்சு.

இன்னைக்கு ரஷ்யாவுல அவருக்கு மரியாதை இருக்கா?

மாஸ்கோவுல அவர் பேர்ல ரோடு இருக்கு. ஆனா சகாரோவ் சென்டரை 2014ல வெளிநாட்டு ஏஜெண்ட்னு முத்திரை குத்தினாங்க, 2023ல கட்டடத்தை விட்டு வெளியேத்தி கோர்ட்டு மூலமா கலைச்சே விட்டாங்க. அவர் முதல் கௌரவத் தலைவரா இருந்த மெமோரியல்ங்கற மனித உரிமை அமைப்பை 2021 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம் மூடுச்சு, அடுத்த வருஷம் அதுக்கு நோபல் அமைதிப் பரிசு வந்துச்சு. மெமோரியலோட ஒலெக் ஓர்லோவ், அவரும் உயிரியல் படிச்சு ஆராய்ச்சி நிலையத்துல இருந்தவருதான், உக்ரைன் போரை எதிர்த்து எழுதினதுக்கு ராணுவத்தை இழிவுபடுத்தினார்னு 2024 பிப்ரவரில ரெண்டரை வருஷம் குடுத்தாங்க, 70 வயசுல. ஆகஸ்ட்ல நடந்த கைதிகள் பரிமாற்றத்துல ஜெர்மனிக்கு அனுப்பிட்டாங்க, அங்க இறங்கினதும் அவரும் பேச ஆரம்பிச்சது உள்ளயே இருக்கற மத்தவங்களைப் பத்தித்தான்.